ஓடை நீர் டி.என்.ஏ: பெயர் தெரியாத தவளைகள்

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடை நீரிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் பாதிக்கு மேல் எந்தத் தவளை இனத்தோடும் பொருந்தவில்லை, மாதிரி கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கெட்டிருந்தால் டி.என்.ஏ. எழுத்து வரிசைகளே சரியாகக் கிடைத்திருக்காது. எனக்குச் சந்தேகம், நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்த தரவுத்தளத்தின் மேல்தான்; அந்தத் தவளைகளின் வரிசைகள் அதில் இல்லாமல் இருக்கலாம்.

எந்த மரபணுவை நகலெடுத்துப் பெருக்கினீர்கள்? மீன்களை அடையாளம் காணப் பழகிய 12எஸ் மரபணு என்றால் சிக்கல் அங்கேதான். தவளை வகைப்பாட்டில் அதிகம் பயன்படுவது 16எஸ் என்ற இன்னொரு மரபணு. அந்த வரிசைகள்தான் ஜென்பேங்க் என்ற பொது டி.என்.ஏ. தரவுத்தளத்தில் நிறைய இருக்கும். மிச்சமிருக்கும் டி.என்.ஏ. சாற்றில் 16எஸ் ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் பொருந்தாததற்கு இனப்பெயர் சொல்லாமல், பேரின (genus) அளவில் நிறுத்திவிடுங்கள். இந்த மலையில் 2014இல் ஒரே ஆய்வுக்கட்டுரையில் 14 புதிய நடனத் தவளை இனங்களை விவரித்தார்கள். பெயரே வைக்கப்படாதவை இன்னும் இருக்கலாம். புதிய இனம் என்று அவசரப்பட்டு எழுத வேண்டாம், அதற்கு உடல் மாதிரி வேண்டும், வனத்துறை அனுமதியும் வேண்டும்.

இன்னொன்று. ராவோர்கெஸ்டஸ் புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து நேரே குட்டித்தவளை வரும், அதனால் அவை ஓடைக்குள் வளர்வதில்லை. ஓடை நீரில் அவற்றின் தடம் சிக்காததை வைத்து, 'இங்கே இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். அவற்றுக்கு இரவில் குரல் பதிவுதான் சரிப்படும்.

வெளி டி.என்.ஏ. கலந்துவிட்டதா என்று பார்க்க, வடிகட்டும்போது சுத்தமான வெறும் நீரையும் ஒரு மாதிரியாக ஓட்டினீர்களா? அதன் முடிவையும் இங்கே போடுங்கள்.