குறைந்த செலவில் குடும்பக் கைவேலை: கேள்வி பதில்

குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கைவேலை கற்பித்து வருகிறேன். வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடிய வேலைகளைப் பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவாக இருப்பவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: டைமண்ட் பெயிண்டிங், பஞ்ச் நீடில், குரோஷா பொம்மை என்று தயார்நிலைப் பெட்டிகள் நிறைய வருகின்றன. பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று வாங்கினால் இரண்டு நாளில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இவற்றை வாங்கலாமா, வேண்டாமா?

பெட்டியில் உள்ள பொருள் தீர்ந்த பிறகு கையில் எது மிஞ்சுகிறது என்று பாருங்கள். நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான். டைமண்ட் பெயிண்டிங்கில் எண்ணைப் பார்த்து மணியை ஒட்டுகிறோம்; மனம் அமைதியாகும், பொறுமை வளரும், ஆனால் படம் முடிந்ததும் அடுத்த படத்துக்கு அடுத்த பெட்டியைத்தான் வாங்க வேண்டும். கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷா அப்படியல்ல. சங்கிலித் தையலும் ஒற்றைத் தையலும் கைக்கு வந்துவிட்டால், ஒரே ஊசியையும் மீந்த நூலையும் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் புதிது புதிதாகப் பின்னலாம். சட்டத்தில் கட்டிய துணியில் ஊசியைக் குத்திக் குத்தி நூல் வளையங்களால் படம் உண்டாக்கும் பஞ்ச் நீடில் இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: ஊசியும் சட்டமும் நிலைக்கும், ஆனால் நூலை அது மிகுதியாக இழுக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரு கலையைத் தொட்டுப் பார்க்க ஒரு பெட்டி போதும். பிடித்திருந்தால் அதன் பிறகு கருவியை மட்டும் தனியாக வாங்குங்கள். பிள்ளைகள் பாதியில் விடுவதற்குப் பெரும்பாலும் சோம்பல் காரணமல்ல. வடிவம், நிறம், அளவு எல்லாவற்றையும் வேறு யாரோ முன்பே முடிவு செய்துவிட்டதால், அந்த வேலையில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு எதுவும் இருப்பதில்லை.

கேள்வி: உப்பு மாவில் செய்த பொம்மைகள் காய்ந்ததும் வெடித்துவிடுகின்றன. எதில் தவறு?

அளவு இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு பொடி உப்பு, ஏறக்குறைய ஒரு பங்கு தண்ணீர். தண்ணீரை மொத்தமாக ஊற்றாதீர்கள். முக்கால் பங்கு ஊற்றிப் பிசைந்து, தேவைப்பட்டால் மட்டும் மீதியைத் தெளியுங்கள். பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்த மாவு மிருதுவாகி, கையில் ஒட்டாமல் வரும்.

வெடிப்புக்கு அடிப்படைக் காரணம் வெளிப்புறம் வேகமாகக் காய்ந்து சுருங்குவதும், உள்ளே ஈரம் மாட்டிக்கொள்வதும்தான். ஆகவே கனத்தை ஒரு சென்டிமீட்டருக்குள் வையுங்கள். பெரிய உருவம் வேண்டுமானால் உள்ளே கசக்கிய காகித உருண்டையை வைத்து மேலே மாவைப் போர்த்துங்கள். கடும் வெயிலில் வைக்காமல், நிழலில் திருப்பித் திருப்பிப் போட்டு மூன்று நான்கு நாள் காயவிடலாம். ஓவன் இருந்தால் 100 டிகிரி செல்சியஸ் அளவில் இரண்டு மூன்று மணி நேரம் மெதுவாக உலர்த்தலாம். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், நன்கு காய்ந்ததும் வண்ணம் பூசி அதன்மேல் வார்னிஷ் அடிக்காவிட்டால் மழைக்காலத்தில் பொம்மை மறுபடி கசியும்.

வீட்டில் நாய் இருந்தால் இந்த மாவை அதன் வாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இதிலுள்ள உப்பின் அளவு நாயின் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

கேள்வி: காகிதக்கூழ் வேலையில் பலூன்மேல் ஒட்டிய கிண்ணம் நாற்றமெடுத்தது, ஓரிடத்தில் பூஞ்சையும் பிடித்துவிட்டது. மறுபடி செய்யலாமா?

கட்டாயம் செய்யுங்கள். குறைந்த செலவில் நிறைவான பொருள் தரும் வேலைகளில் இதற்கு ஈடு நான் கண்டதில்லை. ஒரே நாளில் ஆறேழு அடுக்கு ஒட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு அல்லது மூன்று அடுக்கு ஒட்டியதும் நிறுத்தி, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, தட்டிப் பார்த்தால் மொடமொடவென்று ஒலிக்கும்போதுதான் அடுத்த அடுக்குக்குப் போக வேண்டும். மாவைக் காய்ச்சிப் பசை செய்யும்போது ஒரு கரண்டி உப்புச் சேர்த்தால் பூஞ்சை பிடிப்பது குறையும்.

செய்தித்தாளைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். வெட்டிய விளிம்பு காய்ந்த பிறகும் கோடாகத் தெரியும். கிழித்த விளிம்பில் இழைகள் பிரிந்திருப்பதால் அது அடுத்த துண்டோடு கரைந்துபோகும். முதல் அடுக்குக்கு அச்சுள்ள தாளும் அடுத்த அடுக்குக்கு அச்சில்லாத தாளும் எடுத்துக்கொண்டால் எங்கே ஒட்டினோம், எங்கே விட்டோம் என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். பலூனை வெயிலில் வைக்காதீர்கள். உள்ளிருக்கும் காற்று சூட்டில் விரிந்து இரவில் சுருங்குவதால், பாதி காய்ந்த காகிதம் பிளந்துகொள்கிறது.

கேள்வி: எனக்கு நான்கு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள். இருவரையும் ஒரே வேலையில் உட்காரவைக்க முடிவதே இல்லை.

இருவரும் ஒரே படியைச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பதால்தான் சண்டை வருகிறது. ஒரே பொருளில் இருவேறு பொறுப்புகளைக் கொடுத்துப் பாருங்கள். பொருள் வந்த நெளி அட்டைப் பெட்டியில் ஒரு வீடோ கப்பலோ கட்டுவது இதற்கு மிகப் பொருத்தம். அட்டைக்குள் ஓடும் நெளிகளின் திசையில் மடித்தால் அது சுலபமாக மடங்கும், குறுக்கே மடித்தால் எதிர்த்து நிற்கும். சுவருக்கு எந்தத் திசை, கூரைக்கு எந்தத் திசை என்று யோசித்து அளந்து கோடு போடுவது மூத்த பிள்ளையின் வேலை. குறுக்கு மடிப்பு தேவைப்படும் இடத்தில், எழுதித் தீர்ந்த பேனா முனையால் அளவுகோலை ஒட்டி அழுத்திக் கோடிழுத்தால் போதும். கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும்.

இளைய பிள்ளைக்கு வண்ணம் பூசுவது, தாளைக் கிழித்து ஓடு ஒட்டுவது, உள்ளே யார் வசிக்கிறார்கள் என்று முடிவு செய்வது. இந்தக் கடைசிப் பொறுப்பைச் சாதாரணமாக எண்ணாதீர்கள்; குடியிருப்பவரைச் சின்னவர் தீர்மானித்த பிறகு, மூத்தவர் அவருக்காக வாசலின் உயரத்தை மாற்றிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மகள் கத்தரிக்கோலைப் பிடிக்கவே திணறுகிறாள். ஐந்து வயது. இடது கைப் பழக்கம்.

கத்தரிக்கோலை மாற்றிப் பாருங்கள், அம்மா. வழக்கமான கத்தரிக்கோலில் அலகுகள் வலது கைக்கு ஏற்ப அமைந்திருக்கும். இடது கையால் பிடிக்கும்போது வெட்டும் கோட்டை அலகு மறைத்துவிடும். விரல்களின் அழுத்தமும் அலகுகளைச் சேர்ப்பதற்குப் பதிலாகப் பிரித்துவிடுவதால் தாள் வெட்டுப்படாமல் இடையில் மடங்கிக்கொள்ளும். அலகுகள் மாறி அமைந்த இடது கைக் கத்தரிக்கோல் தனியாகக் கிடைக்கிறது. சற்றுக் கனமான தாளைக் கொடுத்து முதலில் ஓரத்தில் சிறு சிறு வெட்டுகள், பிறகு நேர்க்கோடு, அதன் பிறகு வளைவு என்று போங்கள்.

கேள்வி: அட்டையில் தறி செய்து நெய்தோம். கீழே அகலமாகத் தொடங்கியது மேலே போகப் போகக் குறுகி இடுப்பு போலாகிவிட்டது.

புதிதாக நெய்யும் எல்லோருக்கும் இது நேரும். குறுக்கே கோக்கும் ஊடை நூலை ஒவ்வொரு வரிசையிலும் இறுக்கி நேராக இழுப்பதால், தறியில் நெடுக்காகக் கட்டிய பாவு நூல்களில் ஓரத்தில் உள்ளவை உள்ளே இழுபடுகின்றன. ஊடை நூலைப் பாவுக்குள் கோத்ததும் அப்படியே தட்டாமல், வானவில் போல வளைத்து மேலே நிறுத்தி, பிறகு ஒரு பழைய சீப்பாலோ முள் கரண்டியாலோ நடுவிலிருந்து ஓரங்களுக்குத் தட்டி இறக்குங்கள். பாவின் மேலும் கீழுமாக வளைந்து போவதற்கு நூலுக்குக் கூடுதல் நீளம் தேவைப்படுகிறது. அந்த வளைவு அதைக் கொடுத்துவிடும்.

தறிக்கு உறுதியான அட்டை எடுத்து, மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வெட்டு போட்டால் தொடக்கத்துக்குச் சரியாக இருக்கும். பாவுக்கு இழுவை தாங்கும் பருத்தி நூல் வேண்டும். ஊடைக்குக் கிழிந்த பனியனை நாடாவாக நறுக்கினாலே போதும். பனியன் துணி இழுத்ததும் தானே சுருண்டு கயிறு போலாகும்.

கேள்வி: ரெசின் ஊற்றிச் சாவிக்கொத்து, தட்டு எல்லாம் செய்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளையோடு செய்யலாமா?

வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இதற்கு ஊற்றும் எபாக்சி ரெசின் என்ற செயற்கைப் பிசினும் அதைக் கெட்டியாக்கும் திரவமும் இறுகுவதற்கு முன் தோலில் பட்டால் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. அந்த ஒவ்வாமை ஒருமுறை ஏற்பட்டால் பெரும்பாலும் நிலைத்துவிடும். பெரியவர்கள்கூட நைட்ரில் கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும். பளபளப்புத்தான் பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது என்றால், கூழாங்கல்லில் வண்ணம் தீட்டி நீரில் கரையும் வார்னிஷைப் பெரியவர் பூசித் தரலாம்.

ஜிகினாத் தூளைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். அதில் பெரும்பாலானவை நுண்ணிய நெகிழித் துகள்கள். கழுவினால் சாக்கடை வழியே நீர்நிலைக்குத்தான் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் உதிரி நெகிழி ஜிகினாத் தூள் விற்பனைக்குத் தடை கொண்டுவந்தது. என் வகுப்புகளில் அதை நிறுத்திவிட்டேன். மினுங்கும் பொதித்தாளைப் பொடியாக நறுக்கி ஒட்டுகிறோம்.

கேள்வி: எதையுமே வாங்காமல் ஒரு விடுமுறை நாளை ஓட்ட வேண்டும். என்ன செய்யலாம்?

வெயில் இருந்தால் நிழற்பதிவு செய்யுங்கள். மலிவான வண்ணத் தாளின் சாயம் வெயிலில் வெளுக்கும். அடர்நீலத் தாள்மேல் இலை, சாவி, கத்தரிக்கோல் போன்றவற்றை அடுக்கிக் காலையில் வெயிலில் வைத்தால், மாலையில் அவற்றை எடுக்கும்போது அடியில் மட்டும் பழைய நிறம் நிற்கும். புகைப்படக் கலையின் தொடக்க காலத்தில் இதே போன்ற எண்ணம் ஒரு நூலாகவே வந்திருக்கிறது: 1842-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷெல் கண்டறிந்த நீல அச்சு முறையில், தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைத் தாள்மேல் வைத்து ஒளியால் பதிவெடுத்து 1843-இலிருந்து பகுதி பகுதியாக வெளியிட்டார். அதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். இலையை வைக்கும் கை இன்னும் கவனமாகும்.

வெயில் இல்லையென்றால் கைபேசியில் அசைவுப் படம் எடுக்கலாம்: பொருளைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த படங்களை வேகமாக ஓட்டினால் அது தானே நகர்வது போலத் தெரியும். ஒரு நொடிக்கு 12 படம் என்று கணக்கு வைத்தால் பத்து நொடிக்கு 120 படங்கள். கைபேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்து அசையாமல் நிறுத்தி, பொத்தானையோ பென்சிலையோ ஒவ்வொரு படத்துக்கும் சிறிதளவே நகர்த்த வேண்டும். சன்னல் வெளிச்சம் மேகத்துக்கேற்ப மாறிப் படத்தைச் சிமிட்ட வைக்கும் என்பதால், சன்னல் திரைச்சீலையை மூடிவிட்டு விளக்கொளியில் எடுங்கள். எதற்கும் வராத பதின்ம வயதுப் பிள்ளைகள் இதற்கு வருவார்கள்.

கேள்வி: குரோஷா கற்கத் தொடங்கியிருக்கிறேன். சதுரமாகப் பின்னினால் முக்கோணமாகிறது.

ஒவ்வொரு வரிசையின் கடைசித் தையலைத் தவறவிடுகிறீர்கள். வரிசை முடிந்ததும் எண்ணுங்கள். முதல் தையலிலும் கடைசித் தையலிலும் ஓர் ஊக்கு மாட்டி வையுங்கள். ஐந்து மில்லிமீட்டர் ஊசியும், வழவழப்பான, வெளிர் நிறத் தடித்த நூலும் எடுங்கள். கறுப்பு நூலில் தையலின் கண் தெரியாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பொம்மை பின்னினால் கண்ணுக்கு மணி வைக்காமல் நூலாலேயே தைத்துவிடுங்கள்.

கேள்வி: என் மகன், ஒன்பது வயது, "எனக்கு வராது" என்று சொல்லிப் பாதியில் கிழித்துப் போட்டுவிடுகிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தாலும் கோபப்படுகிறான்.

சரிசெய்து கொடுப்பதை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள், ஐயா. உங்கள் கை பட்டதும் அந்த வேலை அவனுடையதாக இல்லாமல் போய்விடுகிறது. நீங்கள் அன்பாகச் செய்ததை அவன் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறான். அதற்குப் பதிலாக, அவன் பக்கத்தில் உங்கள் தாளை வைத்துக்கொண்டு உங்களுடையதை நீங்கள் செய்யுங்கள். உங்களுக்கும் பழக்கமில்லாத வேலையாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பெரியவரின் மடிப்பும் கோணலாகும் என்பதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும்.

தொடக்கத்துக்குத் தாள் மடிப்பு பொருந்தும், ஒரு நிபந்தனையோடு: தாள் உண்மையிலேயே சதுரமாக இருக்க வேண்டும். 210-க்கு 297 மில்லிமீட்டர் உள்ள ஏ4 தாளின் ஒரு மூலையை எதிர் விளிம்போடு சேர மடித்து, மிஞ்சும் பட்டையை வெட்டினால் சதுரம் கிடைக்கும். கோணல் சதுரத்தில் தொடங்கியதால் தோற்றுப்போய், தன் கையே சரியில்லை என்று நம்பிய பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவன் பாதியில் விட்டதை எறியாமல் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். சில வாரம் கழித்து அவனே எடுத்துப் பார்ப்பான். அப்போது எதுவும் சொல்லாமல் பசையை மட்டும் பக்கத்தில் நகர்த்தி வையுங்கள்.