டாய் ஹாலர்: பிராண்டைப் பார்ப்பதா, வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். சைடு-பை-சைடு (அருகருகே உட்கார்ந்து கரடுமுரடான பாதையில் ஓட்டும் சின்ன வண்டி) ஒன்றை ஏற்றிப் போய் இரண்டு நாள் தங்கிவர, பின்னால் கராஜ் வைத்த டாய் ஹாலர் ட்ரெய்லர் வாங்க எண்ணம். மூன்று வருடம் ஓடிய இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று எல்லோரும் புகழும் பிராண்டு. மற்றது விலை குறைவு, பெயரும் அவ்வளவாக இல்லை. பெயரை நம்பலாமா?

பதில்: பெயர் இதில் பாதித் தூரம்கூடத் துணைக்கு வராது. அமெரிக்காவில் இந்த ட்ரெய்லர்களில் பெரும்பகுதி இந்தியானாவின் எல்கார்ட் வட்டாரத்தில்தான் தயாராகிறது. கீஸ்டோன், ஜேக்கோ என்ற பிராண்டுகள் தோர் குழுமத்துடையவை. கிராண்ட் டிசைன் பிராண்டு வின்னபேகோ கம்பெனியின் கையில். ஒன்றோடொன்று போட்டி போடும் பிராண்டுகளுக்கும் லிப்பர்ட் சேசிஸ் (அடிச்சட்டம்), டெக்ஸ்டர் ஆக்சில் (சக்கர அச்சு) என்று ஒரே கடைச் சாமான்தான் போகிறது. கதவருகே உள்ள, தயாரிப்பாளர் சங்கமான ஆர்.வி.ஐ.ஏ.வின் முத்திரை மின்சாரம், கேஸ், குழாய், தீப் பாதுகாப்பு பற்றியது. அலமாரி நேராக மூடுகிறதா, கூரை ஒழுகுமா என்பது அதன் கவலை இல்லை. எனவே பிராண்டை விட்டுவிட்டு, எதிரே நிற்கும் அந்த ஒரு வண்டியைப் பாருங்கள்.

முதலில், எவ்வளவு எடை ஏற்றலாம் என்று முன்கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சரக்கு எடை ஸ்டிக்கர். அதில் 3,200 பவுண்டு என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் சைடு-பை-சைடு 1,500. தண்ணீர் காலனுக்கு 8.3 பவுண்டு என்பதால் 100 காலன் தொட்டி நிரம்பினால் 830. சைடு-பை-சைடுக்கு ஊற்ற ட்ரெய்லரில் வைத்திருக்கும் பெட்ரோல் தொட்டி 30 காலன் என்றால் 180 பவுண்டு. ஆக 2,510 போய்விட்டது. ஜெனரேட்டர், நாற்காலி, ஐஸ் பெட்டி, துணிமணி எல்லாவற்றுக்கும் மிச்சம் 690. சில வண்டிகளில் இந்த மிச்சமே இருக்காது.

அடுத்தது ஆக்சில். மொத்த எடை வரம்பு 13,500 பவுண்டு, கீழே 6,000 பவுண்டு ஆக்சில் இரண்டு என்று இருந்தால், மீதி 1,500ஐ ஹிட்ச் (இழுக்கும் வண்டியோடு சேரும் இணைப்பு) தாங்கும் என்பது கம்பெனிக் கணக்கு. சாதாரண ட்ரெய்லரில் அது ஓடிவிடும். டாய் ஹாலரில் கராஜ் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கிறது; சைடு-பை-சைடை ஏற்றியதும் ட்ரெய்லரின் முன்பக்கம் லேசாகி, பாரம் ஆக்சில் தலையில் விழும். டயரையும் பாருங்கள். எஸ்.டி. 225/75 ஆர் 15 அளவில், லோடு ரேஞ்ச் ஈ (பாரம் தாங்கும் தரம்) டயர் ஒன்று 80 பி.எஸ்.ஐ. காற்றில் 2,830 பவுண்டு தாங்கும். நான்கும் சேர்ந்து 11,320. இரண்டு ஆக்சிலின் 12,000க்கே அது எட்டவில்லை! டயரின் வயதையும் பாருங்கள்: பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2322 என்றால் 2022இன் 23ஆவது வாரத்தில் செய்தது.

இந்த வண்டிகள் அழுக ஆரம்பிக்கும் இடம் ரேம்ப் கதவு, அதாவது ஏற்றி இறக்கச் சாய்வுப் பலகையாக இறங்கும் கராஜ் கதவு. அதை இறக்கிவிட்டு, கீல் ஓடும் கீழ் விளிம்பில் மண்டியிட்டுப் பாருங்கள். ரப்பர் சீல் இரு மூலையிலும் நசுங்கியோ பிய்ந்தோ இருந்தால், மழைத் தண்ணீர் அங்கேதான் உள்ளே போகும். கட்டைவிரலால் அழுத்தும்போது ப்ளைவுட் அமுங்கக் கூடாது. கடையில் கிடைக்கும் ஈரமானியின் முள்ளைக் குத்திப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அந்த வண்டி வேண்டாம், விலை எவ்வளவு குறைந்தாலும்.

சைடு-பை-சைடைக் கட்டும் டி-வளையங்கள் தரைப் பலகையில் ஸ்க்ரூ போட்டு நிற்கின்றனவா, சேசிஸில் போல்ட் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அடியில் பிளாஸ்டிக் தட்டு மறைத்திருந்தால் ஒரு ஓரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்வதில் தவறில்லை. ஸ்பிரிங் தொங்கும் இடங்களில் வெல்டிங்கை டார்ச் அடித்துப் பாருங்கள்: பெயின்டில் மயிரிழை விரிசலும் அதிலிருந்து துரு வழிந்த கோடும் தெரிந்தால் சேசிஸ் அசைந்திருக்கிறது. பக்கச் சுவரில் சாய்ந்த வெயில் விழும்போது கன்னத்தை ஒட்டிப் பார்த்தால் உப்பல் தெரியும். அது உள்ளே நீர் இறங்கிய அடையாளம்.

காலியாக இழுத்துப் பார்த்து, நன்றாக ஓடுகிறது என்று முடிவு கட்டாதீர்கள். வாங்கிய பின், சைடு-பை-சைடை ஏற்றி, தண்ணீர் நிரப்பி, லாரி நிறுத்தத்து எடைமேடையில் நிறுத்துங்கள். ஹிட்ச்சில் இறங்கும் எடை ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 10க்குக் கீழே போனால் ஹைவேயில் வால் ஆடும்.

கேள்வி: டீலர், "எங்கள் ஆட்களே எல்லாம் செக் பண்ணிவிட்டார்கள்" என்கிறாரே?

பதில்: அவர் ஆட்கள் அவருக்காகத்தான் பார்த்தார்கள். டீலரோடு தொடர்பில்லாத இன்ஸ்பெக்டர் ஒருவரை அமர்த்துங்கள். தண்ணீரும் மின்சாரமும் கேஸும் இணைத்து, ஃபிரிஜ் முதல் ஹீட்டர் வரை ஓட்டிக் காட்டினால்தான் முன்பணம் என்று டீலரிடம் சொல்லிவிடுங்கள். ட்ரெய்லரின் பிராண்டு, மாடல், வருடத்தை நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமான என்.எச்.டி.எஸ்.ஏ.வின் தளத்தில் போட்டால், அதற்கு வந்த ரீகால்கள் (குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைப்பது) தெரியும்; இந்த வண்டியில் முடிக்காமல் விட்டது இருக்கிறதா என்று, அதன் 17 இலக்க வி.ஐ.என். அடையாள எண்ணைக் கொடுத்துக் கம்பெனியிடம் கேளுங்கள். இருந்தால் அதைச் சரி செய்த ரசீது கைக்கு வந்தபிறகு கையெழுத்துப் போடுங்கள்.