கொல்லைப்புறத்தில் மெட்ரோ: வீட்டு விலை ஏறுமா, இறங்குமா?

கேள்வி: அக்கா, மொரிஷியஸில் போ பாசேன் ஊரில் அம்மாவின் வீடு, 10 பெர்ஷ் நிலம். அம்மா போன வருடம் காலமாகிவிட்டார். நானும் அண்ணனும் விற்கலாம் என்றிருக்கிறோம். கொல்லை மதிலுக்கு அந்தப் பக்கம் மெட்ரோ தண்டவாளம். ஸ்டேஷனுக்கு நடந்தால் ஏழு நிமிடம். “மெட்ரோ பக்கம், பத்து லட்சம் கூட்டியே கேளுங்கள்” என்கிறார் புரோக்கர். “அந்தச் சத்தத்துக்கு எவன் வருவான், குறைத்தாவது தள்ளிவிடு” என்கிறார் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது?
– பெயர் வேண்டாம், போ பாசேன்

பதில்: தங்கச்சி, புரோக்கர் பேசுவது ஸ்டேஷனுக்குப் பக்கத்து வீட்டைப் பற்றி. அண்ணன் பேசுவது தண்டவாளத்துக்குப் பக்கத்து வீட்டைப் பற்றி. உங்கள் அம்மாவின் வீடு இரண்டுக்கும் பக்கத்தில் இருந்து தொலைத்திருக்கிறது, அதுதான் சிக்கல்.

போன மாதம் தண்டவாளத்தை ஒட்டியிருந்த ஒரு உறவுக்காரி வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். வண்டி போகும்போதெல்லாம் அலமாரிக்குள் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. அவளுக்கு அது காதிலேயே விழவில்லை. எனக்கு ஒவ்வொரு தடவையும் விழுந்தது. விற்கிறவர் காதும் வாங்க வருகிறவர் காதும் இப்படித்தான் வித்தியாசப்படும்.

புரோக்கர் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. மெட்ரோ வேலை தொடங்கியது 2017-ல். ரோஸ் ஹில்லுக்கும் தலைநகர் போர்ட் லூயிஸுக்கும் நடுவிலான பாதையை 2019 அக்டோபரில் திறந்துவைத்தார்கள், 2022-ல் வண்டி கியூர்பைப் வரை போய்விட்டது. உங்கள் தெருவில் அதற்குப் பிறகு கைமாறிய வீடு எதுவானாலும் மெட்ரோவையும் சேர்த்துத்தான் விலை போயிருக்கும். அந்த விலையை வைத்துக்கொண்டு அதன் மேல் இன்னொரு பத்து லட்சம் கேட்டால், ஒரே மெட்ரோவுக்கு இரண்டு தடவை காசு கேட்பதாகிவிடும். ஒப்பிடுவதாக இருந்தால் மதில் தண்டவாளத்தை ஒட்டிய வீடு சமீபத்தில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீடு உங்களுக்கு அளவுகோல் ஆகாது.

அண்ணன் கேட்டதற்கும் பதில் உண்டு. யார் வருவார்கள்? ஸ்டேஷனை நிஜமாகவே பயன்படுத்துகிறவர்கள் வருவார்கள். ரெதுய் கிளைப் பாதை 2023 ஜனவரியில் திறந்த பிறகு, பல்கலைக்கழகத்துக்கும் எபேன் அலுவலகங்களுக்கும் போகிறவர்களுக்கு உங்கள் தெரு தூரமே இல்லை. மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் பயணம் இலவசம். முழங்கால் வலியோடு கார் ஓட்டப் பிடிக்காத ஓய்வுபெற்ற தம்பதிக்கு ஸ்டேஷன் ஏழு நிமிடத்தில் இருப்பது பெரிய வசதி. ஆனால் அந்த ஏழு நிமிடத்தை ஒரு தடவை நீங்களே நடந்து பாருங்கள். நடைபாதை இருக்கிறதா, விளக்கு எரிகிறதா, மழை நாளில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கிறதா? வரைபடத்தில் பக்கமாகத் தெரிந்து, இருட்டில் தனியாக நடக்கப் பயமான வழி என்றால் விலை ஏறாது. உங்கள் கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு மெட்ரோ ஏறிப் போகிறவர்கள் இருக்கிறார்களா என்றும் ஒரு காலையில் பாருங்கள். அது பெரிய தலைவலி.

விற்பதற்கு முன், மேல்மாடி இருந்தால் அதை மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பார்க்கவும் யோசியுங்கள். மெட்ரோவின் மதிப்பு விலையில் தெரிவதற்கு முன்னால் வாடகையில் தெரியும் என்பது என் எண்ணம். வாடகை வரவைக் காட்டினால் முதலீட்டுக்கு வாங்குகிறவரும் பேச வருவார்.

மற்ற இடங்களும் இப்படித்தான். பக்கத்தில் நல்ல ஆரம்பப் பள்ளி இருந்தால் பிள்ளை உள்ள குடும்பம் கூடக் கொடுக்கும், ஏனென்றால் முதல் வகுப்பில் சேர்க்க முகவரிதான் கணக்கு. முகவரிக்குச் சான்றாக மின்சார பில்லைக் காட்டச் சொல்வார்கள் என்று பலருக்குத் தெரியும். ஆனால் பள்ளி மதிலை ஒட்டிய வீட்டில் மதியத் தூக்கம் கிடையாது. உங்கள் ஊரில் சிறைச்சாலை பக்கம் என்றால் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் சிறை மதிலிலிருந்து சத்தம் வந்து நான் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் கோயிலை ஒட்டிய வீடு ஒன்றை வாங்க இரண்டு குடும்பங்கள் வந்தன. ஒருவர் தைப்பூசக் காவடி நாள் ஒலிபெருக்கியை நினைத்து விலையைக் குறைக்கச் சொன்னார். இன்னொருவர் வாசலிலேயே காவடி வருகிறதே என்று சொன்ன விலையைக் கொடுத்தார். வீடு ஒன்றுதான், கோயிலும் ஒன்றுதான். யாருக்கு விற்கப்போகிறோம் என்று தெரியாமல் விலை சொல்லவே முடியாது.

உங்கள் விஷயத்தில் எனக்கு உண்மையில் கவலை தருவது அந்தக் கொல்லை மதில். உங்கள் பகுதியில் மெட்ரோ பழைய ரயில் பாதையை ஒட்டித்தான் வருகிறது. பழைய ரயிலில் பயணிகள் போக்குவரத்து 1956-ல் நின்றது, சரக்கு 1964-ல். பிறகு பல காலம் அந்த இடம் சும்மா கிடந்தது. தோட்டம், கோழிக்கூடு, சமையலறை என்று சிலர் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டார்கள். 2017-ல் மெட்ரோ பாதைக்காக லா பூட், பார்க்லி பகுதிகளில் வீடுகள் இடிக்கப்பட்டதை வாங்குகிறவர்கள் மறக்கவில்லை. “நாளைக்கு இதையும் எடுப்பார்களா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். சத்தியப்பிரமாணம் எடுத்த நில அளவையாளரைக் கூப்பிட்டு, மதில் உங்கள் 10 பெர்ஷுக்குள்தான் நிற்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். பெர்ஷ் ஒன்றுக்குச் சுமார் 42 சதுர மீட்டர். பின்பக்கம் ஒரு மீட்டர் பிசகினாலே புரோக்கர் சொல்லும் கூடுதல் காசில் நல்ல பங்கு போய்விடும். அவர் அளந்து தரும் வரைபடம் கையில் இருந்தால் நீங்கள் கேட்கும் விலைக்கு அதுதான் சாட்சி.

பத்திரம் இன்னும் அம்மா பெயரிலேயே இருந்தால் முதலில் நோட்டரியிடம் போங்கள். விற்பவர் கட்டும் நில மாற்று வரி 5 சதவீதம், வாங்குபவரின் பதிவுக் கட்டணமும் பொதுவாக 5 சதவீதம். வரியை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்து எழுதலாம் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். பதிவுத் துறை மறுமதிப்பீடு செய்யும்போது மெட்ரோவை அவர்களும் பார்ப்பார்கள்.

வாங்க வருகிறவர்களை முன் வராந்தாவில் உட்கார வைத்தே அனுப்பிவிடாதீர்கள். நீங்களே கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய், ஒரு வண்டி போகும்வரை அங்கேயே நில்லுங்கள். அப்புறம் விலை பேசுங்கள்.