பைக் திருட்டு: சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்

கேள்வி: போன மாதம் கல்யாண மண்டப வாசலில் நிறுத்தியிருந்த என் பைக் திருடுபோனது. அருகிலிருந்த ஸ்டேஷனில் 'எங்கள் எல்லை இல்லை' என்றார்கள். அடுத்த ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்து, 'கிடைச்சா சொல்றோம்' என்று அனுப்பிவிட்டார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் க்ளெய்ம் கிடையாது என்கிறது இன்சூரன்ஸ் கம்பெனி. போலீஸ் செய்வதும் சேவைதானே, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: போலீஸ் மேல் அங்கே போக முடியாது. இலவசமாகச் செய்யப்படும் சேவை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. வரி கட்டுகிறேனே என்று கேட்பீர்கள். அது சேவைக்குக் கொடுத்த கட்டணம் ஆகாது.

சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்து சேர்ந்ததற்கு ரசீது, அவ்வளவுதான். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி எல்லைப் பிரச்சினையும் கிடையாது. எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும். அதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம். 'விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்' என்பார்கள். அந்த முதற்கட்ட விசாரணைக்கு டி.எஸ்.பி. அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்கவும் வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம் ஓடிவிட்டது.

ஒன்று கேட்கிறேன், புகாரில் பைக்கின் மதிப்பை எழுதினீர்களா? 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாத வகைக்குப் போய்விடும். பழைய வண்டியாக இருந்தாலும் இன்றைய மதிப்பைக் குறிப்பிடுங்கள்.

இனி ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டாம். 173(4)-ன்படி எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்டில் மனு அனுப்புங்கள். வண்டி எண், எஞ்சின் மற்றும் சேஸிஸ் எண், சி.எஸ்.ஆர். எண், எந்தத் தேதியில் எந்த ஸ்டேஷனில் என்ன பதில் கிடைத்தது, இவை போதும். எஸ்.ஐ. சிடுசிடுத்ததை விவரிக்க ஆசையாகத்தான் இருக்கும். ஒரு வரியோடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் திருட்டு பின்னால் போய் நடத்தைப் புகார் முன்னால் வந்துவிடும். அடித்தார்கள், மிரட்டினார்கள் என்றால் அது வேறு விஷயம். அதற்கு மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது, ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும். காசு கேட்டிருந்தால் லஞ்ச ஒழிப்புத் துறை.

எஸ்.பி. அலுவலகமும் அசையாவிட்டால், மனு நகலையும் தபால் ரசீதையும் எடுத்துக்கொண்டு 175(3)-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பிரமாணப் பத்திரம் கட்டாயம் என்பதால் வக்கீல் ஒருவர் கூட இருப்பது நல்லது. எஃப்.ஐ.ஆர். போட்டதும் அதன் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும்.

அப்புறம் இன்சூரன்ஸ். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி என்றால் திருட்டுக்கு எதுவும் கிடைக்காது, முதலில் அதைப் பாருங்கள். முழு பாலிசி என்றால், திருட்டு விவரத்தையும் சி.எஸ்.ஆர். நகலையும் இன்றைக்கே கம்பெனிக்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள். போலீசில் உடனே புகார் செய்தவருக்கு, கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னார் என்பதை மட்டும் காட்டி க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதையும் மீறி மறுத்தால், நீங்கள் கேட்ட நுகர்வோர் கோர்ட்டுக்கு அப்போது தாராளமாகப் போகலாம், கம்பெனி மேல். பைக்கின் இரண்டு சாவிகளும் பத்திரமாக இருக்கட்டும், க்ளெய்முக்கு இரண்டையும் கேட்பார்கள்.