கர்வ்ஸாக மாற்றினால் லைசென்ஸ் வேண்டாமா?

கேள்வி: மஞ்சள்தூள் பாக்கெட்டுக்கு, இலவசமாக இறக்கிய தமிழ் ஃபான்டில் பெயர் எழுதினேன். பிரஸ்ஸுக்கு அனுப்பும்முன் கர்வ்ஸாக மாற்றிவிட்டேன். ஃபைலில் ஃபான்டே இல்லாதபோது லைசென்ஸ் எதற்கு?
*– பேக்கேஜிங் டிசைனர், ஈரோடு*

பதில்: அவசியம் வேண்டும். டிசைனர்களிடம் ஆழமாக ஊறிப்போன தவறான நம்பிக்கை இது. கோரல்டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரில் கன்ட்ரோல் கியூ அழுத்தினால் எழுத்து கர்வ்ஸாக, அதாவது வெறும் கோடுகளாகிவிடும், உண்மைதான். அதனால் தீர்வது பிரஸ்ஸின் சிக்கல்: அங்கே அந்த ஃபான்ட் இல்லாவிட்டாலும் கொம்பும் காலும் இடம் மாறி ‘கொ’ சிதையாது. ஆனால் பெயரை எழுத ஃபான்டைப் பயன்படுத்தியாகிவிட்டதே! விற்பனைப் பொருளுக்கு அதைப் பயன்படுத்தலாமா என்பதை லைசென்ஸ்தான் சொல்ல வேண்டும்.

இறக்கிய ஜிப்பைத் திறந்து பாருங்கள். ‘ஓஎஃப்எல்’ என்ற டெக்ஸ்ட் ஃபைல் இருந்தால் கவலை இல்லை. அது எஸ்ஐஎல் அமைப்பின் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ். பாக்கெட், லோகோ, ஃப்ளெக்ஸ் எதற்கும் காசு தர வேண்டாம். டிசைனில் ஃபான்டின் பெயரைப் போடவும் வேண்டாம். ‘பர்சனல் யூஸ் ஒன்லி’ என்று இருந்தால் அது வீட்டுப் பிறந்தநாள் அட்டைக்குத்தான். உருவாக்கியவரிடம் வணிக லைசென்ஸ் வாங்குங்கள், அல்லது ஃபான்டை மாற்றுங்கள். எந்தக் குறிப்புமே இல்லையென்றால் அனுமதி இல்லை என்றே கொள்ளுங்கள். பென் டிரைவில் கைமாறி வரும் கலெக்ஷன்களில் முதலில் தொலைவது இந்த லைசென்ஸ் ஃபைல்தான்.

விண்டோஸில் ஃபான்ட் ஃபைலை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் பார்த்தால் பெரும்பாலும் காப்பிரைட் யாருடையது என்று தெரியும். அங்கேயே ‘ஃபான்ட் எம்பெடபிலிட்டி’ என்றொரு வரியும் இருக்கும். அதில் ‘இன்ஸ்டாலபிள்’ என்று கண்டதும் வணிக அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஆவணத்துக்குள் ஃபான்டைப் பதிக்கலாமா என்பதை மட்டுமே அது சொல்கிறது.

கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள பாலூ தம்பி 2, கேட்டமரான், முக்த மலர், அனெக் தமிழ் எல்லாமே ஓஎஃப்எல்தான். பாக்கெட் வேலைக்கு நாங்கள் முதலில் சொல்வது அனெக் தமிழ். அதன் வேரியபிள் ஃபான்டில் (ஒரே ஃபைலில் தடிமன், அகலம் எல்லாம் மாற்றக்கூடியது) அகலத்தை வழக்கமான அளவின் 75 முதல் 125 சதவீதம் வரை மாற்றலாம். நீளமான பெயரைச் சின்ன லேபிளில் அடக்க எழுத்தை நசுக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் வாடிக்கையாளருக்கு முதல் டிசைனைக் காட்டும்முன் முடித்துவிடுங்கள். கிரேவியர் சிலிண்டர் (பாக்கெட்டை அச்சடிக்க, நிறத்துக்கு ஒன்றாகப் பொறிக்கும் உருளை) வெட்டிய பிறகு ஃபான்டை மாற்றினால், அந்தப் பெயர் வரும் ஒவ்வொரு நிறத்துக்கும் சிலிண்டரை மறுபடி செய்ய வேண்டிவரும்.

கேள்வி: விலைக்கு வாங்கிய ஃபான்டில் ஒரு கடைக்கு லோகோ செய்தேன். வெப்சைட்டில் போட ஃபான்ட் ஃபைலையும் கேட்கிறார். கொடுக்கலாமா?
*– ஃப்ரீலான்ஸ் டிசைனர், திருச்சி*

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் வாங்கியது கம்ப்யூட்டரில் ஏற்றி டிசைன் செய்வதற்கான டெஸ்க்டாப் லைசென்ஸாக இருக்கும்; இத்தனை கம்ப்யூட்டர் அல்லது இத்தனை பேர் என்ற கணக்கு அதற்கு. லோகோவை கர்வ்ஸாக்கி எஸ்விஜி, பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். வெப்சைட்டுக்கு வெப்ஃபான்ட் லைசென்ஸ் தனி, பெரும்பாலும் மாதத்துக்கு வெப்சைட்டின் பக்கங்கள் எத்தனை முறை பார்க்கப்படுகின்றன என்பதை வைத்து விலை. மொபைல் ஆப்புக்கும் தனி. அவற்றைக் கடைக்காரர் தன் பெயரிலேயே வாங்கட்டும். கொட்டேஷனில் அதைத் தனி வரியாகப் போடுங்கள்.

இன்னொன்று: சில நிறுவனங்கள் லோகோவுக்கும் டிரேட்மார்க்குக்கும் கூடுதல் லைசென்ஸ் கேட்பதுண்டு. லைசென்ஸ் உரையில் ‘லோகோ’ என்ற சொல்லைத் தேடிப் படியுங்கள். வாங்கிய அன்றைய லைசென்ஸ் உரையையும் ரசீதையும் அந்த வேலையின் ஃபோல்டரிலேயே வையுங்கள்.

கேள்வி: விண்டோஸோடு வரும் லதா, நிர்மலா யூஐ ஃபான்டுகளில் கல்யாணப் பத்திரிகை அடித்து விற்கலாமா?
*– டிடிபி சென்டர் நடத்துபவர், கும்பகோணம்*

பதில்: விற்கலாம். நீங்கள் வேலை செய்யும் சாஃப்ட்வேர் ஹோம், ஸ்டூடன்ட் போன்ற வணிகம் சாராத பதிப்பாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஃபான்ட் ஃபைலை வெப்சைட்டில் ஏற்றுவதோ பிரஸ்ஸுக்குக் கொடுப்பதோ கூடாது.

கேள்வி: ஓஎஃப்எல் ஃபான்டில் ‘ழ’வை மட்டும் மாற்றி, என் ஃபான்டாக விற்கலாமா?
*– மாணவர், மதுரை*

பதில்: தனி ஃபான்டாக விற்க முடியாது, சாஃப்ட்வேரோடு சேர்த்துத்தான் விற்கலாம். மாற்றியதை வெளியிட்டால் அதுவும் ஓஎஃப்எல்லின் கீழேயே வர வேண்டும். லைசென்ஸின் தொடக்கத்தில் ‘ரிசர்வ்டு ஃபான்ட் நேம்’ என்று இருந்தால் பழைய பெயரையும் வைக்கக் கூடாது. லோகோவுக்காக கர்வ்ஸில் ‘ழ’வின் வாலை நீட்டுவதற்கு இந்த விதிகள் எதுவும் தடையில்லை.