நாகப்பட்டினத்துச் சீனக் கோபுரம் – கடிதம்

வணக்கம் ஐயா,

டச்சுக்காரர் காலத்து நாகப்பட்டின வரைபடம் ஒன்றில், ஊருக்கு வடக்கே ‘சீனக் கோயில்’ என்று ஒரு கோபுரத்தைக் கண்டேன். நேரில் தேடினால் ஒரு செங்கல்கூட இல்லை. அதுதான் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடமா? சீனாவுக்கு அங்கே என்ன வேலை?

– ஒரு வாசகி, திருவாரூர்

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் பார்த்தது மாலுமிகளுக்குப் பயன்பட்ட அடையாளம். கடலிலிருந்து கரையைத் தேடுகிறவனுக்கு உயர்ந்து நிற்கும் ஒன்று போதும்; அதன் அடியில் யார் ஓதினார்கள், எந்த ஊர் நெல் அளந்தது என்பதெல்லாம் எதற்கு? ஆகவே கோபுரம் படத்தில் ஏறியது, பள்ளி ஏறவில்லை. (பள்ளி என்றால் அன்று பௌத்த, சமண மடம்.)

பள்ளியைத் தேட வேண்டிய இடம் செப்பேடு. ஸ்ரீவிஜய (சுமத்ராப் பக்கத்துக் கடல் அரசு) மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் எழுப்பிய விகாரத்துக்கு, 1006 வாக்கில் ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அந்தக் கொடையைப் பொறித்த 21 செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததும் டச்சுக்காரர் வழியாகத்தான்.

கோபுரத்தையும் விகாரத்தையும் ஒன்றாக்க எனக்கு மனமில்லை. வாங் தாயுவான் என்ற சீனப் பயணி 1349 வாக்கில் எழுதிய நூலில் ஒரு செங்கல் கோபுரம் வருகிறது. 1267இல் கட்டி முடித்ததாக அதில் சீன எழுத்து இருந்ததாம். அந்த இடம் நாகப்பட்டினம் என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. ஆக, ‘சீன’ என்ற பெயர் வெறும் கதையல்ல. உள்ளூரார் அதைப் புதுவெளிக்கோபுரம் என்றார்கள்.

1846இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் பார்த்தபோது கோபுரத்தில் மூன்று நிலைகள் நின்றன. சாந்தே இல்லாமல் நெருக்கி அடுக்கிய செங்கல். இயேசு சபையினர் இடிக்க அனுமதி கேட்டனர்; 1867இல் சென்னை அரசு சம்மதித்தது. ஆறு நூற்றாண்டு கடல் காற்றைத் தாங்கியதை ஒரு கையெழுத்து சாய்த்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அங்கிருந்த இலுப்பை மரத்தை வெட்டியபோது அடியில் புத்தர் படிமங்கள் கிடைத்தன. வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு என்று 1856 முதல் சுமார் 350 வெண்கலங்கள் வெளிவந்திருக்கின்றன. சிலவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஆனைமங்கலம் உங்களுக்குப் பக்கம்தான். கீழ்வேளூர் போய் விசாரியுங்கள்.