சுவென் நூலில் மூலம் எது, வாங் பிங் சேர்த்தது எது என்று பிரித்தறிய முடியுமா?

ஓரளவு முடியும். சீன மருத்துவ மூலநூலான சுவெனுக்கு, தாங் காலத்து வாங் பிங் 12 ஆண்டு உழைத்து 762-இல் உரை முடித்தார். நூலை 24 சுருள், 81 அதிகாரமாக அடுக்கியவரும் அவரே. தாம் சேர்த்த எழுத்துகளையெல்லாம் சிவப்பு மையில் எழுதியதாக முன்னுரையில் சொல்கிறார். எவ்வளவு நேர்மையான ஏற்பாடு! பின்னால் வந்த பிரதிகளில் எல்லாம் ஒரே கறுப்பு, அடையாளம் போய்விட்டது.

இன்று கைகொடுப்பது 11-ஆம் நூற்றாண்டில் லின் யி குழுவினர் செய்த திருத்தப் பதிப்புதான். 'புதிய திருத்தம் சொல்வது' என்று தொடங்கும் அவர்களின் குறிப்பைப் பாருங்கள். முந்தைய உரைகாரர் ச்சுவான் யுவான்ச்சியின் பிரதியில் அந்த அதிகாரம் எந்தச் சுருளில் இருந்தது என்று அதில் இருக்கும். அவரது பிரதியில் இல்லாத அதிகாரங்களைக் கவனமாகப் படியுங்கள்; அவை வாங் பிங் சேர்த்தவையாக இருக்கலாம். குறிப்பாக 66 முதல் 71 வரையும் 74-உம்: இந்த ஏழும் வேறு நூலிலிருந்து வாங் பிங் எடுத்துச் சேர்த்தவை என்று லின் யி குழுவே ஐயுற்றது.